திங்கட்கிழமை அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில், பில்லிங் பிரிவில் ஆறு ஆண்டு நான்கு மாதமாக வேலை. பதவியின் பெயர் சூப்பர்வைசர். மாதச் சம்பளம் 36,400 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் அறைக்கு அழைத்து, ஆட்களைக் குறைக்கிறோம், நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதையாகப் போகலாம், நாங்கள் நீக்கினால் வேறெங்கும் வேலை கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். தட்டச்சு செய்த கடிதம் மேசைமேல் தயாராக இருந்திருக்கிறது. திங்கள் வரை அவகாசம் கேட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. இனி என்ன செய்வது என்பது கேள்வி.

அவகாசம் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதன் நகலைக்கூட வாங்காமல் வந்து நிற்பார்கள். "இனி ஒன்றும் செய்ய முடியாதா?" என்பார்கள். முடியும். ஆனால் கையெழுத்துப் போடாமல் வந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் ஆகும் வேலை, போட்டுவிட்டு வந்தவருக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

காரணம் எளிது. வேலையைவிட்டு நீக்கினால் அது ஏன் என்று நிர்வாகம் சொல்லியாக வேண்டும். ராஜினாமா என்றால் அந்தப் பொறுப்பு நிர்வாகத்துக்கு இல்லை. மிரட்டித்தான் எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும். அடைத்த அறைக்குள் மூன்று பேர் உங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு யார் சாட்சி? அந்த மூன்று பேர்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படித்தான் வந்தார். நிறுவனம் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தில் "உடல்நலம் குன்றிய என் தாயாரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால்" என்று ஒரு வரி. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய தாயார் இறந்து அப்போது மூன்று வருடம். இறப்புச் சான்றிதழின் நகலை மனுவோடு இணைத்தோம். சமரசப் பேச்சுவார்த்தையில் தொழிலாளர் துறை அதிகாரி அந்த இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் பிரதிநிதியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை எழுதியது யார்?" அடுத்த வாய்தாவில் பணம் பேசி முடிந்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு வரி அமையாது. அதனால்தான் முதலிலேயே கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன்.

ஏற்கெனவே போட்டுவிட்டு இதைப் படிப்பவர்கள் இருந்தால், இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னார் முன்னிலையில், இப்படிச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது, அது என் விருப்பத்தில் எழுதியதல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். இவ்வளவு போதும். ராஜினாமா ஏற்கப்படுவதற்கு முன்பும், பின்னொரு தேதியிலிருந்து அமலுக்கு வருவதாக இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பும் பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். மறுநாள் போகும் மறுப்புக்கு இருக்கும் மதிப்பு மூன்று மாதம் கழித்துப் போகும் மறுப்புக்கு இருக்காது. நிஜமாகவே மிரட்டியிருந்தால் ஏன் மூன்று மாதம் சும்மா இருந்தாய் என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும்.

உங்களுக்கு வருகிறேன். திங்கட்கிழமைக்கு முன், அதாவது இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள், சில காகிதங்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். நியமனக் கடிதம், கடைசி ஒரு வருடச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டையின் இரு பக்கப் புகைப்படம், வருகைப் பதிவு, வருடாந்தர ஊதிய உயர்வுக் கடிதங்கள், வேலை சம்பந்தமாக மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். கடைசியாகச் சொன்னது ஏன் என்று பிறகு புரியும். அலுவலக மின்னஞ்சலில் இருப்பவற்றில் உங்கள் சம்பளம், பணி நிலை தொடர்பானவற்றை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் விவரம், கணக்கு விவரம் எதையும் தொடாதீர்கள். அதை எடுத்ததற்காகவே ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாராகிவிடும். பலர் இந்த இடத்தில்தான் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததையும் உடனே எழுதி, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்கள் வேண்டாம். "நேற்று முன்தினம் மாலை என்னை அழைத்து ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் பணிக்கு வருகிறேன். இரண்டு மாதச் சம்பள நிலுவையை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." கைப்பேசியில் ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பதிவை சாட்சியமாக ஏற்க வைப்பதற்குச் சான்றிதழ், மூலக் கருவி என்று தனி வேலை இருக்கிறது. என் அனுபவத்தில் அதைவிட இந்த நான்கு வரி மின்னஞ்சல் அதிகம் உதவியிருக்கிறது.

திங்கட்கிழமை வாசலிலேயே நிறுத்திவிட்டால்? சண்டை போடாதீர்கள். அங்கே நின்றபடியே "காலை 9.40க்கு வந்தேன், உள்ளே விட மறுத்துவிட்டார்கள்" என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு அதையே காகிதத்தில் எழுதித் தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்ட் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாவிட்டால், "அவராகவே வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்" என்ற கதை வரும். எத்தனையோ வழக்கில் பார்த்த கதை.

இப்போது எந்தக் கதவைத் தட்டுவது என்பது. உங்கள் விஷயத்தில் சிக்கலான இடமும் சுவாரசியமான இடமும் இதுதான்.

முதலில் பின்னணி. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வீட்டின் முன்வாசல். 2025 நவம்பர் 21 அன்று, பழைய சட்டங்களுக்குப் பதிலாக ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஊதியச் சட்டத் தொகுப்பு என்று பெயர்கள் மாறிவிட்டன. சங்கக்காரர்கள் இன்னமும் பழைய சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து "2-ஏ போட்டாயா?", "12(3) ஒப்பந்தமா, 18(1)-ஆ?" என்றுதான் பேசுகிறோம். நாக்கில் ஊறிய எண்களை ஓர் அரசாணை மாற்றிவிடாது.

தொழில் உறவுகள் தொகுப்பின் கதவு "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவருக்கே திறக்கும். மேற்பார்வைப் பணி செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்றால் அவர் தொழிலாளி அல்ல. பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10,000. உங்கள் பதவியின் பெயர் சூப்பர்வைசர் என்பதால் நிர்வாகம் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் பதவியின் பெயரை வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை, நீங்கள் உண்மையில் செய்த வேலையை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. உங்களால் யாருக்காவது விடுப்பு கொடுக்க முடிந்ததா? யாரையாவது கண்டிக்க, வேலை பிரித்துக் கொடுக்க அதிகாரம் இருந்ததா? அல்லது நாள் முழுவதும் நீங்களும் கவுண்டரில் உட்கார்ந்து பில் போட்டீர்களா? "மூணாவது கவுண்டர்ல ஆள் இல்ல, நீ போய் உட்காரு" என்று மேலாளர் அனுப்பிய செய்திதான் இங்கே உங்களைக் காப்பாற்றும். வாட்ஸ்அப்பைச் சேமித்து வையுங்கள் என்றது இதற்காகத்தான்.

தொழிலாளி என்று ஆகிவிட்டால், அவர்கள் சொன்ன "மரியாதை"யின் விலையைக் கணக்குப் பார்க்கலாம். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு தொடர்ச்சியாக, அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 நாளாவது, வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு ஆண்டுக்கு 90 நாள். ஆக நான்கு மாத ஊதியம். இதுபோக, புதுத் திறன் கற்றுக்கொள்வதற்கான மறுதிறன் நிதி என்று புதிய தொகுப்பில் இன்னொரு 15 நாள் ஊதியம் இருக்கிறது. அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும். மாற்றினால் காரணம் எழுத வேண்டும். நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் இதில் ஒரு பைசா கிடையாது. அந்தக் கடிதத்தை அவர்கள் ஏன் இவ்வளவு அக்கறையோடு தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறதா?

இரண்டாவது கதவு, வழக்கறிஞர்களில்கூடச் சிலர் மறந்துவிடுவது: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த எவரையும் நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது. நடத்தைக் குறை என்றால் விசாரணை நடத்தி அதில் நிரூபித்திருக்க வேண்டும். இங்கே சம்பள வரம்பு இல்லை. சூப்பர்வைசர் என்ற தடையும் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் விலக்கு. ஜவுளிக் கடை இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் திருத்தம் வந்ததே, அதே சட்டம்தான். ஒரே சங்கடம், நாள் குறைவு. நீக்கிய உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போய்விட வேண்டும். முதல் கதவான சமரச மனுவுக்குப் புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டு இருக்கிறது (முன்பு மூன்றாக இருந்தது), ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த வாசல் மூடிவிடும். எனவே நீக்க உத்தரவு வந்தால் அந்த வாரமே ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்த்து, இரண்டில் எது என்று முடிவு செய்யுங்கள். உங்களைப் போல "தொழிலாளியா இல்லையா" என்ற இழுபறி இருப்பவருக்கு நான் பெரும்பாலும் இரண்டாவது வாசலைத்தான் சொல்வேன்.

சமரசம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு: அது நீதிமன்றம் அல்ல. தொழிலாளர் உதவி ஆணையரின் அலுவலகத்தில், ஒரு மேசையின் இரு பக்கமும் இரு தரப்பும் உட்காரும். கட்டணம் இல்லை. வழக்கறிஞர்கள் அங்கே ஆஜராக முடியாது, சங்கப் பிரதிநிதி வரலாம். முதல் இரண்டு வாய்தாவுக்கு நிறுவனத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள், அல்லது "எனக்கு அதிகாரம் இல்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஓர் இளைஞரை அனுப்புவார்கள். சோர்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். அதிகாரிக்கு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. பேசிப் பார்ப்பார், முடியாவிட்டால் முறிவு அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையோடுதான் அடுத்த படி. இந்த மேசையிலேயே நல்ல தொகைக்கு முடிந்தால் முடித்துக்கொள்வதை நான் தவறாக நினைப்பதில்லை. வழக்கு ஐந்தாறு வருடம் ஓடுவதை நேரில் பார்த்தவன் நான்.

வழக்கு நடக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா? போங்கள், அடுப்பு எரிய வேண்டும். பின்ஊதியம், அதாவது நீக்கப்பட்டிருந்த காலத்துக்கான சம்பளம், கேட்கும்போது வேலை இல்லாமல் இருந்த காலத்தை மனுவில் சொல்ல வேண்டும், போன வேலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறாக நீக்கப்பட்டவருக்குப் பின்ஊதியத்தோடு மீண்டும் வேலை என்பதே இயல்பான விதி என்று 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது வெளிப்பட்டால் அந்த விதி உங்களுக்கு உதவாது.

சம்பள நிலுவை தனிக் கணக்கு, அதை வேலை நீக்கத்தோடு போட்டுக் குழப்ப வேண்டாம். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் ஆள் குறைத்தாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். "எஃப் அண்ட் எஃப் (கடைசிக் கணக்கு முடிப்பு) 45 நாள் ஆகும்" என்று மனிதவளப் பிரிவில் சொல்வது நிறுவனத்தின் வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுக்குள் அதற்குரிய அதிகாரியிடம் கோரலாம். கோரிய தொகைக்கு மேல் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய ஊதியச் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களைத் தொடாது. புதியதில் அந்த வரம்பு இல்லை. தொகுப்புகளைப் பற்றி எனக்கு எத்தனையோ மனக்குறை உண்டு, இது ஒன்று நல்லது.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை ஐந்து ஆண்டு முடித்ததும் உங்கள் உரிமை. ராஜினாமா செய்தாலும் உண்டு. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அடிப்படைச் சம்பளம் 13,000-ஐ வைத்துப் போட்டால் 500 பெருக்கல் 15 பெருக்கல் 6, அதாவது 45,000 வரும். ஆனால் புதிய வரையறையில், படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதி ஊதியத்தோடு சேரும். 36,400-இல் பாதி 18,200. அதை வைத்துப் போட்டால் 700 பெருக்கல் 15 பெருக்கல் 6, அதாவது 63,000. பதினெட்டாயிரம் வித்தியாசம். கணக்கை எழுதிக் கேளுங்கள், வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் ஏழு ஆண்டாகக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு நான்கு மாதம்தான், அதனால் ஆறு. இதைப் படிக்கும் யாராவது நான்கு ஆண்டும் 240 நாளும் முடித்து நீக்கப்பட்டிருந்தால், ஐந்து ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது.

வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்கை இன்றே திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு, கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் அது வெறும் நிலுவை அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம். இப்படி ஒரு மாதம் கண்ணில் பட்டால் சமரச மேசையில் உங்கள் நாற்காலி கொஞ்சம் உயரும்.

ராஜினாமாவுக்கு நீங்கள் மசியவில்லை என்றால் அடுத்ததாக ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரக்கூடும். பில்லில் வித்தியாசம், நேரந்தவறி வருகை, ஏதாவது. குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். அவகாசம் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள். ஆதாரங்களின் நகல் கேளுங்கள். விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒருதலையாக முடித்து நீக்குவதற்கு அதுவே வழி. இடைநீக்கம் செய்தால், 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், 180 நாளுக்குப் பிறகு முழுச் சம்பளம்.

பெண் ஊழியர்கள் சிலர் பாலியல் தொந்தரவு பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அதன் பாதை வேறு. பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு, மற்ற இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிப்பார்கள். இதை விரிவாகத் தனியே எழுத வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வங்கி, ரயில்வே, துறைமுகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போய் அலைய வேண்டாம். அவர்களுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகம், சென்னையில் சாஸ்திரி பவன்.

கடைசியாக ஒன்று. பணம் கொடுக்கும்போது ஒரு ரசீதை நீட்டுவார்கள், அதில் "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்திருக்கும். காசோலையை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மேலே "தொகை பெற்றேன், என் மற்ற உரிமைகளுக்கு உட்பட்டு" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்றால் ரசீதை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, வந்ததும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பணம் எங்கும் போய்விடாது.